படி என்ற கூச்சல்

சடுகுடு ஆட்டத்தில் ஜெயித்தவன் குந்தி உட்கார்ந்து நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். சுற்றி நிற்பவர்கள் “படி!” என்று கத்துகிறார்கள். இது எங்கே, யாரால் ஆரம்பித்தது என்று நான்கு பேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். நான்கும் பொய்.

ஒருவர் என் அக்காள் புருஷன். இன்னொருவர் எனக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் சொன்ன வாத்தியார். மூன்றாவது ஆள் யாரென்றே தெரியாது. முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படி என்பது பட்டாளத்துக்காரர்கள் பர்மாவிலிருந்து கொண்டு வந்த பழக்கம் என்று அடித்துச் சொன்னார். பர்மாவில் சடுகுடு ஆடுகிறார்களா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் முறை வந்துவிட்டது. நான்காவது ஆள் இவர்களையெல்லாம் மிஞ்சியவர். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கே கற்றுக்கொடுத்தார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இருபது வருஷமாகக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் திருத்தணி மலைக்குச் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மலைமேல் ஒரு சத்திரத்தில் வருகிற யாத்திரைக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அந்தச் சமையலறைக்கு வேண்டிய அரிசி, விறகு, வாழையிலை, நெய் எல்லாம் எங்கள் தலைமேல்தான் ஏற வேண்டும். எட்டுப் பேர் இருந்தோம். எங்களுக்கு ஒரு மேஸ்திரி. அவர் கொடுக்கும் பித்தளை வில்லையைக் கையில் கட்டியிருப்பவன்தான் சத்திரத்துச் சுமையைத் தொடலாம். வில்லை இருந்தால் வருஷம் முழுக்க வேலை, மதியம் மேலேயே சோறு. வில்லை போனால் கரும்பு வெட்டத் திருவாலங்காட்டுப் பக்கம் போக வேண்டும், அதுவும் வெட்டு இருக்கும் மாதங்களில் மட்டும். எனக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வில்லையைக் குளிக்கும்போதுகூட நான் கழற்றியதில்லை.

சுமையோடு மலையேறுகிறவன் முதல் படிக்கு முன்னால் நிற்பான். சும்மாட்டின் மேல் மூட்டை இருக்கும். இடது கை மூட்டையைப் பிடித்திருக்கும். முதுகை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி, குந்துகிற மாதிரி இறங்கி, வலது கையால் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்திருப்பான். இதைப் பக்தி என்று யாத்திரைக்காரர்கள் நினைத்தார்கள். பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் வேறு ஒரு காரியமும் இருந்தது. அப்படிக் குந்தி எழும்போது மூட்டை ஆடாமல் இருந்தால் அது உச்சிவரை ஆடாது. கொஞ்சம் நகர்ந்தால்கூடக் கட்டு சரியில்லை என்று அர்த்தம். இறக்கி மறுபடி கட்டிக்கொள்ளலாம். பாதி மலையில் தெரிந்துகொள்வதைவிட முதல் படியில் தெரிந்துகொள்வது நல்லது. மற்றவர்கள் சுமை கனமாக இருக்கும் நாட்களில் மட்டும் செய்வார்கள். நான் ஒரு முறைகூட விட்டதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கோட்டுக்கு முன்னால் போய் நின்றால் என் முழங்கால் தானாக மடங்கும். அவ்வளவுதான் இந்தக் கதைக்கு மூலம்.

என் அக்காள் புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆர்.கே.பேட்டை வழியாகப் போகும் கரி பஸ்ஸில் அவர் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் பெரிய அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் வண்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் போய் அடுப்பைக் கிளறுவார். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் பாவாவுடையது. உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவர் பேசுவார், அவர்கள் கேட்பார்கள். அப்படித்தான் அவர் பேச்சாளர் ஆனார்.

அவர்தான் எங்கள் ஊர் சடுகுடு கோஷ்டிக்கும் தலைவர். நன்றாக ஆடுவார் என்பதற்காக அல்ல. சத்தமாகப் பேசுவார் என்பதற்காக. ஆள் குறைந்தால் என்னை இழுத்துக்கொண்டு போவார். “டேய் மச்சான், சும்மா ஓரமா நில்லு. ஒன்ன யாரும் தொட மாட்டான். ஒன்னப் பாத்தாலே பாவமா இருக்குது” என்பார்.

ஒரு வருஷம் அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஷெட் ஆட்கள் ஒரு கோஷ்டியாக வந்தார்கள். ஏரிக்கரைக்குக் கீழே தரிசில் ஆட்டம். ஜெயித்தால் ஒரு பித்தளைக் குடம். விசில் ஊத என் வாத்தியாரையே அழைத்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் பாயிலர் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். முஸ்லிம். எல்லோரும் பாய் என்றார்கள். கதவு மாதிரி அகலம். அவர் பிடித்தால் பிடித்ததுதான். பாவா முதல் பாட்டிலேயே “சடுகுடு சடுகுடு” என்று ஊர் அதிரப் பாடிக்கொண்டு போனார். பாய் ஒரு கையால் அவர் இடுப்பைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, மூச்சு விடும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார். செத்தவன் வெளியே உட்கார வேண்டும். அன்றைய ஆட்டத்தில் செத்தவன் மறுபடி எழுந்து வருவது கிடையாது. எனவே பாவா அன்றைக்கு நடந்ததையெல்லாம் வெளியே துண்டை விரித்து உட்கார்ந்து பார்த்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் எங்கள் பக்கம் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். ஓரமாக நின்றதன் பலன். அவர்கள் பக்கம் பாய் ஒருவர். நான் பாடிப் போக வேண்டிய முறை.

பாடினேன். பாய் நின்று கேட்டார். பிறகு வாத்தியாரைப் பார்த்து, “இன்னா சார், இவரு பாடுறாரா, பயந்துகினு நிக்கறாரா? ஒண்ணும் கேக்கலியே” என்றார்.

வாத்தியார் என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். “பாடுறான், பாடுறான். நீ ஆடு” என்றார்.

ஜனங்கள் சிரித்தார்கள். வெளியிலிருந்து பாவா, “தொட்டுட்டு ஓடியாடா! அவன் தூங்கிகினு இருக்கான்!” என்று கத்தினார். அது ஒன்றுதான் அன்று அவர் செய்த உதவி. பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். என் விரல் பாயின் முழங்கையில் பட்டது. பட்டதும் திரும்பி ஓடினேன். பின்னால் தரை அதிர்ந்தது. மூச்சு மார்பை அடைத்தது. வாயில் சடுகுடு இன்னும் இருந்தது. நடுக்கோடு முன்னால் வந்தது.

தாண்டியிருக்க வேண்டும். வேறு எந்த ஊர்க்காரனும் தாண்டியிருப்பான். நான் நின்றேன். முழங்கால் மடங்கியது. குந்தி உட்கார்ந்து, கோட்டை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இடது கை தலைமேல் இல்லாத மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

என் இடுப்பைக் குறிவைத்துப் பாய்ந்த பாய்க்கு அங்கே இடுப்பு கிடைக்கவில்லை. அவர் என் தலைக்கு மேலாகப் போய் எங்கள் பக்கத்துத் தரையில் முகம் பதிய விழுந்தார். வாத்தியார் விசில் ஊதினார். மூச்சு விடாமல் கோட்டைத் தொட்டால் போதும் என்பது விதி. நான் தொட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல், “படி தொட்டான்டா!” என்றது. நான் மலையில் செய்வதை அடிக்கடி பார்த்த யாரோ. உடனே எல்லோரும் சேர்ந்து, “படி! படி!” என்றார்கள். அந்த முதல் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக இந்தக் கதை பேசுகிறவர்களில் தெரியாது என்று சொல்பவன் நான் ஒருவன்தான்.

குடத்தைப் பாவா தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போனார். நான் பின்னால் போனேன். பாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

ஒரு வாரம் எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் யாராவது “படி!” என்று கத்தினால் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். ஆனால் காது அங்கேயே இருக்கும்.

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்த பக்கம் பதினோரு பேரும் வரிசையாகக் குந்தி நடுக்கோட்டைத் தொட்டார்கள். அதில் ஒரு ஆள்கூட வாழ்நாளில் அரைப் படி அரிசியைத் தலையில் வைத்து மலையேறியவன் இல்லை. அதற்கடுத்த ஆட்டத்தில் பாவாவும் தொட்டார். அன்றும் அவர் முதல் பாட்டில் செத்திருந்தார். வெளியிலிருந்து எழுந்து ஓடி வந்து தொட்டார்.

பிறகு கரி பஸ் அதை எடுத்துக்கொண்டு போனது. வண்டி நின்ற மேடெல்லாம் பாவா இறங்கி, கீழே நின்று, பஸ்ஸின் ஏறுபடியைத் தொட்டுக் காட்டினார். “நான்தான் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். டேய், கோடு வந்ததும் குந்திடு, அவன் மேல பூடுவான்னேன். மூணு நாளா ரோசனை பண்ணி வச்சிருந்த தந்திரம்” என்றார். நான் ஒருநாள் விறகு விலை பேசி முடித்துவிட்டு அதே பஸ்ஸில் கடைசி இருக்கையில் வந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. “தோ, அவனே குந்திகினு கீறான், கேட்டுப் பாருங்க” என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆர்.கே.பேட்டையில் நெசவாளிகள் தறியிலிருந்து புடவையை அறுத்து எடுத்ததும் படி என்றார்களாம். கனகம்மாசத்திரத்துக் கடைகளில் சீட்டாடுகிறவன் கடைசிச் சீட்டைப் போட்டுவிட்டு, விரித்திருந்த கோரைப்பாயைத் தொட்டான். அரக்கோணத்தில் ஹாக்கியில் கோல் போட்டவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டான். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளைத் தோழர்கள் படி என்று கத்தினார்கள். ஐயர் பயந்துபோய் மந்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். யுத்தம் முடிந்தது என்று சேதி வந்தபோது எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் எழுந்த முதல் சத்தமும் அதுதான். ஏதோ இவர்கள் போய் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி.

வாத்தியார் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பண்டைக் காலத்து வீரர்கள் போர் முடிந்ததும் களத்து மண்ணைத் தொட்டு வணங்குவார்கள், அந்த மரபு நம் ஊரில் மட்டும் அழியாமல் இருக்கிறது என்றார். அவர் காது என் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் நின்றவருக்கு அங்கே பண்டைக் கால வீரன் தெரிந்திருக்கிறான். நான் பின்னால் நின்று கேட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. ஒருநாள் அடிவாரத்தில் சுமைக்காகக் காத்திருந்தபோது பாய் வந்தார். கிட்டே வந்து உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் ஒன்று இல்லை.

“பாத்துக்கோ நைனா, உன் படி கூலி வாங்கிகினு பூடுச்சு” என்றார்.

அவர் சிரித்தார். “எங்க ஷெட்டுல ஒருத்தன் பாக்கியில்ல, எல்லாரும் கத்துறானுங்க. டேய், அது என் பல்லுல பொறந்ததுடான்னு சொல்றேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். மெட்ராஸ் துரைமாரு ஆட்டத்துலருந்து வந்ததுன்றான். நீயாவது சொல்லேன்.”

“நான் சொன்னா கேப்பாங்களா பாய்?”

“ஆங், அதுவும் சரிதான். நீ பாடினதே கேக்கலியே” என்றார்.

அவர் கொண்டுவந்த வேர்க்கடலையை இரண்டு பேரும் தின்றோம். படியைப் பற்றி என்னோடு உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். அவரும் அதற்கு ஒரு பல்லை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்குள் மலை அடிவாரத்தில் வேலையற்றவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டாகிவிட்டது. பூக்கடை ஓரத்தில் ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் சுமையோடு முதல் படியில் குந்தினால் “படீ!” என்று ராகம் இழுப்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை. “அண்ணாத்தே ஜெயிச்சிட்டாரு! இன்னா ஜெயிச்சாரு? ஒரு மூட்டை உளுத்தம்பருப்பு!” என்பான் ஒருவன். நான் எழுந்து ஏறிவிடுவேன். சுமை தலையில் இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. அது ஒரு வசதி.

நகரிப் பக்கத்திலிருந்து ஒரு மிராசுதார் வீட்டு அம்மாள் வருஷா வருஷம் வருவாள். சத்திரத்துக்கு அரிசி அவள் வயலிலிருந்துதான் வந்தது. அந்த வருஷமும் வந்தாள். பட்டுப்புடவை, கையில் தேங்காய்த் தட்டு. முதல் படிக்கு முன்னால் நின்று, சிரமப்பட்டு முழங்காலை மடக்கிக் குந்தி, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் மூட்டையோடு வழிக்காக நின்றுகொண்டிருந்தேன். பூக்கடை ஓரத்திலிருந்து எப்போதும்போலச் சத்தம் வந்தது. “படீ!” விசில் வேறு.

அந்த அம்மாள் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது. இது சாமி படியா, உங்கள் ஆட்டக் களமா என்று தெலுங்கில் கேட்டாள். பூக்கடை ஓரத்தில் அப்போது ஒருவரும் இல்லை. சத்தம் போட்டவர்கள் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. அம்மாள் மலையேறாமலே வண்டிக்குத் திரும்பினாள். இதை ஆரம்பித்தவன் யாரென்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் அடுத்த அறுவடையிலிருந்து அரிசி வராது என்று சத்திரத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

சத்திரம் மேஸ்திரியைக் கேட்டது. மேஸ்திரி மறுநாள் காலை அடிவாரக் கிடங்கில் எல்லோரையும் கூட்டினார். சுமைக்காரர்கள் எட்டுப் பேர், வாத்தியார், பாவா. வாசலில் ஊர் பாதி நின்றது. மேஸ்திரி நல்ல மனுஷர்தான். ஆனால் அரிசி நின்றால் அவர் காண்டிராக்டும் நிற்கும். அவர் என் கையிலிருந்த வில்லையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“யாருய்யா இத்தக் கெளப்பிவுட்டது?” என்று பாவாவைக் கேட்டார். “நீதான் கண்டுபுடிச்சன்னு சொல்லிகினு திரிஞ்ச?”

“நானா?” என்றார் பாவா. “நான் டிக்கெட்டு கிழிச்சிகினு கெடக்கறவன், மேஸ்திரி. எனக்கு இன்னா தெரியும்?”

“மூணு நாளு ரோசனை பண்ணேன்னு நீ பஸ்ஸுல சொன்னத நானே கேட்டனேய்யா.”

“அது சும்மா பேச்சுக்குங்க. வண்டி நிக்கிற நேரத்துல ஜனம் எறங்கிப் பூடாம இருக்கணுமே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மெய்யைச் சொல்லணும்னா மொதல்ல தொட்டவன் இவன்தான். என் மச்சானாச்சேன்னு நான் மறைக்கக் கூடாது பாருங்க. சாமி விசயம்” என்றார்.

இரண்டு வருஷத்தில் படியைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

மேஸ்திரி வாத்தியாரைப் பார்த்தார். பண்டைக் கால வீரர்கள் வருவார்களோ என்று நானும் பார்த்தேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் அன்று மூச்சை மட்டுமே கவனித்தேன். கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது” என்றார். வாசலில் நின்றவர்களிலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜில்லா முழுக்கப் பரவிய ஒரு கூச்சலை அந்த ஊரில் யாருமே கத்தியதில்லை என்று ஆகிவிட்டது.

“இன்னாப்பா, நீ இன்னா சொல்ற?” என்றார் மேஸ்திரி என்னிடம்.

“நான் தினமும் தொடறதுதாங்க” என்றேன்.

“ஆங். நீ தொட்டாத்தான அவனுங்க கத்துறானுங்க?”

“நான் கத்தலீங்க.”

“நீ கத்தலப்பா. நீ கத்தினா யாருக்குக் கேக்கப் போவுது?” வாசலில் சிரிப்பு. மேஸ்திரியும் கொஞ்சம் இளகினார். “வில்லை உன் கையிலயே இருக்கட்டும். புள்ளக்குட்டிக்காரன். ஆனா இனிமே நீ படியத் தொடக் கூடாது. நேரா ஏறிப் பூடணும். தொட்டேன்னு காதுல வுழுந்துது, வில்லையக் கழட்டிடுவேன்.”

கத்துகிற ஆறேழு பேரைத் தடுக்க வழியில்லை. சுமை தூக்குகிற ஒருவனைத் தடுக்க வழி இருந்தது. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

“மேஸ்திரி, அது தொட்டாத்தாங்க சுமை...” என்று ஆரம்பித்தேன்.

“இன்னா?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சுமை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் குந்துகிறோம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மற்ற ஏழு சுமைக்காரர்களுக்கும் அது தெரியும். அவர்கள் தங்கள் வில்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அன்றிலிருந்து நேராக ஏறினேன். வெறும் நிலத்தில் நின்று குந்திப் பார்க்கலாமே என்று தோன்றும். செய்தும் பார்த்தேன். கிடங்குக்குப் பின்னால், சுவர் மறைவில். அங்கிருந்து படிக்கு வருவதற்குள் நூறு அடி நடக்க வேண்டும், ஜனக்கூட்டத்தில் இடிபட வேண்டும், கட்டு தளர்ந்துவிடும். முதல் படியில் செய்வதற்கு ஒரு காரணம் இருந்தது. பூக்கடை ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நாள் எனக்காகக் காத்துப் பார்த்தார்கள். “அண்ணாத்தே இன்னிக்கித் தோத்துட்டாரு!” என்றார்கள். பிறகு படியைத் தொடுகிற எல்லா யாத்திரைக்காரர்களுக்கும் கத்த ஆரம்பித்தார்கள். அதை யாரும் விசாரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் பாவா கரி பஸ்ஸில் மறுபடியும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால் சத்திரத்தில் வேலை நெருக்கடி. நெய் டின் இரண்டை அரிசி மூட்டைமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். முதல் படிக்கு வந்தேன். முழங்கால் மடங்கப் பார்த்தது. பூக்கடை ஓரத்தில் தலைகள் திரும்பின. நேராக ஏறினேன்.

ஐம்பது படிக்கு மேல் ஏறியதும் தலையில் ஏதோ நகர்வது தெரிந்தது. விரல் அகலம்தான் இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் இறக்கி வைக்க இடமில்லை. இன்னும் ஒரு படி வைத்தேன். ஒரு டின் கயிற்றிலிருந்து நழுவி முதுகுப்பக்கமாக விழுந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. ஜனங்கள் விலகிக்கொண்டார்கள். டின் ஒவ்வொரு படியாகக் குதித்துக்கொண்டு கீழே போனது. மூடி பிய்ந்து நெய் படிகளில் வழிந்தது. ரேஷன் காலத்தில் கண்ணால் பார்க்கவே கிடைக்காத நெய். கீழே பூக்கடை ஓரத்தில், டின் ஒரு படி இறங்கும்போதெல்லாம் “படி!” என்றார்கள். முதலில் ஒருவன், பிறகு எல்லோரும், கணக்கு வைக்கிற மாதிரி. “படி! படி! படி!” டின் கடைசிப் படியைத் தாண்டித் தரையில் உருண்டு நின்றதும் கைதட்டல். அதில் பாவாவின் குரலும் இருந்தது என்று அன்று கீழே நின்ற என் மனைவி சொல்கிறாள். மூட்டை தலையில் இருந்ததால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூட்டையையும் மீதி டின்னையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் இறங்கினேன். மேஸ்திரி கிடங்கு வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். வில்லையின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. வருஷக்கணக்கில் அவிழ்க்காத முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தேன்.

“ஏம்ப்பா, நீ கட்ட நல்லாப் பாத்துகினு ஏறக் கூடாதா?” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பாய் ஆள் அனுப்பினார். அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் தூக்க ஆள் வேண்டுமாம். போனேன். முதல் நாள் ஒரு வெற்றிலைக் கூடை, அதன் மேல் இன்னொன்று, அடுத்த பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். மேம்பாலத்துக்கு இரும்புப் படிகள். அதன் முன்னால் போய் நின்றதும், யாரும் சொல்லாமலே, முழங்கால் மடங்கியது. இந்தப் பிளாட்பாரத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது. குந்தினேன். வலது கையால் இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த போர்ட்டர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும்.

“அண்ணாத்தே, எந்த ஊரு? படி அப்பிடி இல்ல” என்றார். “சுமைய வச்சிகினு பண்ணக் கூடாது. கீழ எறக்கி வச்சிட்டு, ரெண்டு கையால தொட்டு, மேல தூக்கிக் காட்டணும். அப்பத்தான் சனம் கத்தும். இது மெட்ராஸ்லருந்து வந்த ஆட்டம். உங்க பட்டிக்காட்டுல எல்லாத்தையும் தப்புத் தப்பா எடுத்துகினு பூடறீங்க. சாயங்காலம் வா, நான் கத்துத் தரேன்.”

“ஆங், சரிங்க” என்றேன்.

கூடை ஆடவில்லை. மேலே ஏறினேன்.